நல்லா இருக்குன்னு சொன்னவர்கள்

சிதம்பரத்துக்கு மாற்றலாகி வருமுன் நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். அங்கே எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுத்தவர் ஒல்லியான மனிதர், நடையில் எப்போதும் ஓர் அவசரம். யாரைப் பார்த்தாலும் "நெட்டு எப்படி ஓடுது?" என்பார். மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்பேன். மாதாமாதம் போனில் அவர் கருத்துக் கேட்கும்போதும் ஐந்து ஸ்டார் போட்டுவிடுவேன்.

ஒருநாள் காலை என் மகளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். மூன்றாவது கேள்வியில் படம் உறைந்துபோனது. அவள் அழுதுவிட்டாள். உடனே அவரை வரவழைத்தேன்.

"நம்மகிட்ட ரெண்டு லைன் சார். ஒண்ணுல நெரிசல் ஜாஸ்தி. கம்மியா ஸ்டார் போட்டவுங்கள நல்ல லைனுக்கு மாத்திட்டேன். நீங்கதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

அவர் தன் போனில் எதையோ மாற்றினார். படம் தெளிவாக ஓடியது. கம்பெனிக்காரர்கள் மறுபடி அழைத்தார்கள்; நேர்காணல் தொடர்ந்தது, வேலையும் கிடைத்தது.

கிளம்பும்போது கேட்டேன்: "உங்க வீட்ல எந்த லைன்?"

"நெரிசல் லைன்தான் சார். சம்சாரம் தெனம் திட்டுது. ஆனா ஒருநாளும் ஸ்டார் போட மாட்டேங்குது. அதுக்காக நானா மாத்திக்க முடியுமா?"

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அவ்வளவு நேர்மையானவரா, மனைவிக்கு அஞ்சாதவரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.