ரய்யாவின் வண்டியில் எண்ணெய் வாடை

கராஜுக்குப் பெண்கள் வந்தால் ஏசி அறையில் நாற்காலி போட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். ரய்யா பின்த் ஸைஃப் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. திறந்த பானட்டின் பக்கத்தில் நின்று, எந்த போல்ட் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வெயில்ல நிக்காதீங்கம்மா" என்பார் மெக்கானிக்.

"வண்டியும் வெயில்லதானே நிக்குது."

எங்கள் மலையூரிலிருந்து நிஸ்வா கல்லூரிக்கு ஐந்து பெண்களை அவள்தான் ஏற்றிப்போவாள். நானும் அதில் ஒருத்தி. பேருந்து எங்கள் சரிவில் ஏறாது. வேற்று ஆண் ஓட்டும் வண்டியில் என்னை அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. ரய்யாவின் ஏழு பேர் வண்டி நின்றால் எங்கள் படிப்பும் நிற்கும். அவளுடைய சொந்தச் சம்பாத்தியமும் நிற்கும்.

அந்தக் குளிர்காலத்தில் வண்டியில் எண்ணெய் கருகும் வாடை வந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. அவள் நாத்தனார் ஷம்ஸா தினமும் காலையில் சாம்பிராணிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவுகளை மூடிவிடுவாள். கல்லூரியில் இறங்கும்போது எங்கள் துணியெல்லாம் மணக்கும். பிறகு வாடை கூடியது. ஷம்ஸா சாம்பிராணியைக் கூட்டினாள். ஒருநாள் ஏற்றத்தில் பானட்டின் ஓரமாக நீலப் புகை எழுந்தபோதுதான் ரய்யா வண்டியை நிறுத்தினாள்.

இன்ஜின் மேல்மூடி கசிகிறது, கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டிக் கருகுகிறது என்றார்கள் கராஜில். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினார்கள். வாடை திரும்பியது. மறுபடி மாற்றினார்கள். மறுபடி திரும்பியது.

மஸ்கட்டில் ராணுவ முகாமில் வேலை பார்க்கும் கணவர் மஸ்ஊத் போனில் சொன்னார்.

"இன்ஜின் போச்சு. வியாழக்கிழமை புரோக்கர் ஹிலாலைக் கூட்டிட்டு வர்றேன். வித்துட்டு சின்னக் கார் எடுத்துக்கலாம்."

"சின்னக் கார் இந்த ஏத்தத்துல ஏறுமா? முன்னாடி கழுதையக் கட்டணும்."

"சிரிக்காத. பொண்ணுங்களோட மலையில தீப்பிடிச்சு நின்னா என்ன செய்வ?"

"அதுக்குத்தான் வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே."

எங்களுக்கு அது விடுமுறை வாரம்; எங்கள் ஊரில் வாரம் தொடங்கும் ஞாயிறன்றுதான் கல்லூரி திறக்கும். நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். முதல் வேலையாகச் சாம்பிராணிச் சட்டியை வெளியே எடுத்துவைத்தாள்.

"இனிமே வண்டில புகை போடாத ஷம்ஸா. எனக்கு நாத்தம் வேணும்."

"நாத்தம் வேணும்னு கேட்ட ஒரே பொம்பளை நீங்கதான் அண்ணி. உங்க மேல அந்த வாடை அடிச்சா எங்கண்ணன் வாசலோட திரும்பிடுவான்."

"மூக்கப் பிடிச்சிட்டு வரச் சொல்லு."

ஆறிய இன்ஜினைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் காயவிட்டாள். மேல்மூடியின் விளிம்பு முழுக்கக் குழந்தைப் பவுடரைத் தூவினாள். ஒருமுறை வண்டியை மலையேற்றி இறக்கி வந்து பானட்டைத் திறந்தாள். வெள்ளைப் பவுடரில் நான்கு பக்கமும் ஈரம் பூத்திருந்தது.

"ஒரு எடத்துல கசிஞ்சா கேஸ்கெட் சரியில்லன்னு அர்த்தம். இது சுத்திலும் கசியுது. உள்ள இருந்து ஏதோ தள்ளுது."

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து அதன்மேல் ஒரு டிஷ்யூ தாளை வைத்தாள். அந்த வாய் லேசாக உறிஞ்சிப் பிடித்திருக்க வேண்டிய தாள் எகிறிப் பறந்து சுவரில் மோதியது. ரய்யா கைதட்டிச் சிரித்தாள்.

"மூச்சு முட்டுது இதுக்கு. வெளிய விட வழியில்ல. எத்தன கேஸ்கெட் போட்டாலும் பிதுக்கிட்டுத்தான் வரும்."

இன்ஜினை நிறுத்தி, மேல்மூடியிலிருந்து போகும் ரப்பர் குழாயைக் கழற்றினாள். அதன் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு. உருவி என் காதருகே ஆட்டினாள்.

"சத்தம் கேக்குதா?"

"இல்லையே."

"கேக்கணும்."

உள்ளே எண்ணெய்க் கசடு தார்போல் கறுத்து இறுகி, காற்று போகும் வழியை அடைத்திருந்தது.

உதிரிபாகக் கடையில் புது வால்வையும் காதருகே ஆட்டிப் பார்த்தாள். "கிலுகிலுப்பை வாங்க வந்தியாம்மா?" என்றார் கடைக்காரர். "ஆமா, வண்டி அழுவுது" என்றாள்.

வால்வைப் பொருத்தி, மூன்றாவது கேஸ்கெட்டை அவளே போட்டாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மஸ்ஊத் ஹிலாலோடு வந்தார். ரய்யா சாவியோடு வண்டியில் ஏறினாள். ஆண்கள் இருவரும் நடு இருக்கையில். ஷம்ஸா கடைசி வரிசையில், நான் ரய்யாவின் பக்கத்தில்.

முதல் வளைவிலேயே கருகல் வாடை வந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றார் ஹிலால். "உடைச்சு உதிரியா விக்கத்தான் ஆகும்."

மஸ்ஊத் குரல் இறங்கியது. ரய்யாவை மகன் பெயரால், 'ஹைதமின் அம்மா' என்றே அவர் கூப்பிடுவார். "நிறுத்து, உம்மு ஹைதம். போதும்."

"அது பழைய எண்ணெய். தேய்ச்சும் போகாம புகைக்குழாயோட அடியில ஒட்டிக் கெடந்தது. எரிஞ்சு தீரட்டும்." அவள் கியரைக் குறைத்தாள். "கண்ணாடிய ஏத்துங்க."

"ஏத்தணுமா?" என்றார் மஸ்ஊத்.

"ஏத்திட்டு நல்லா மோந்து பாருங்க."

மூடிய வண்டி ஏறியது. வாடை இருந்தது. பிறகு குறைந்தது. மாதுளைத் தோட்டங்கள் தாண்டியபோது இல்லை. செங்குத்தான கடைசி ஏற்றத்தில் இன்ஜின் முழு பலத்தோடு இழுத்தது. ஷம்ஸா மூக்கைச் சுருக்கி, "ஹிலாலோட அத்தர் வாடைதான் வருது" என்றாள்.

உச்சியில் நிறுத்தி ரய்யா பானட்டைத் திறந்தாள். மூடியின் விளிம்பு காய்ந்திருந்தது. மஸ்ஊத் அதை விரலால் தடவி, விரலை முகர்ந்தார். இன்னொரு பக்கமும் தடவினார். ஹிலால் எட்டிப் பார்த்துவிட்டு அவரைத் தனியே இழுத்தார்.

"பேசினதுக்கு மேலயே தர்றேன். இப்பவே முடிச்சுக்கலாம்."

"என்கிட்ட ஏன் கேக்குற?" மஸ்ஊத் கையைத் துடைத்துக்கொண்டார். "ஓட்டுறவகிட்டக் கேளு."

ஹிலால் திரும்பினார். ரய்யா பானட்டை இறக்கி மூடி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏறுங்க ஹிலால், வீட்டுல காப்பி ஆறுது. ஞாயித்துக்கிழம காலையில எனக்கு அஞ்சு பொண்ணுங்க காத்திருப்பாங்க."