மூன்றாம் வாரத்து மீன்குஞ்சுகள்

கன்னையாவுக்குக் கொசுவை ஒழிக்கும் வேலை. அவன் பெண்சாதி வீரம்மாவோ அதே கொசுவை வீட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கடல் கடந்து பிழைக்க வந்த பிரிக்பீல்ட்ஸில், எங்கள் தொழிலாளர் லயத்தில் நடந்த கதை இது. பின்னாளில் கன்னையாவே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவன் முதுகில் எண்ணெய் டின்னைச் சுமந்துகொண்டு கால்வாய், குட்டை, மாட்டுக்குளம்பு பதிந்த பள்ளம் என்று தண்ணீர் தேங்கிய இடத்திலெல்லாம் அடித்துக்கொண்டு போவான். மண்ணெண்ணெயும் கருப்பெண்ணெயும் கலந்த எண்ணெய். கொசுப்புழு தண்ணீரில் கிடந்தாலும் மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆகவேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மூடியிருந்தால் மூச்சடைத்துச் செத்துப்போகும். இதை அவன் வீரம்மாவுக்கு நூறு தடவையாவது விளக்கியிருப்பான். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முன்னால் இருக்கும் சோறு ஆறிப்போவதுகூட அவனுக்குத் தெரியாது. அவன் உடுப்பு, பாய், தலையணை எல்லாம் அந்த எண்ணெய் நாற்றம்தான். பழகிப்போனதால் இருவர் மூக்குக்கும் அது எட்டுவதில்லை.

ஒரு நாள் எண்ணெய் அடிக்கப் போன சதுப்பில் இரண்டு சண்டை மீன்களைப் பார்த்து, சிகரெட் டின்னில் பிடித்துக்கொண்டு வந்தான். இதுவும் புழுவைத் தின்று நம்ம வேலையைத்தான் செய்கிறது, இதைக் கொல்ல மனசு வரவில்லை என்று சொல்லி வீரம்மாவிடம் கொடுத்தான். அவள் ஒரு மண்சட்டியில் விட்டாள்.

பத்தே நாளில் ஆண்மீன் காற்றைக் குடித்துக் குடித்து நுரையாகத் துப்பி, மிதந்த இலைக்கடியில் கூடு கட்டியது. பெண்மீன் முட்டை விட்டதும் அது ஒவ்வொன்றாக வாயில் எடுத்துப்போய் நுரையில் ஒட்டியது. பிறகு பெண்ணைத் துரத்து துரத்து என்று துரத்தியது. பெற்றவளை விரட்டிவிட்டுத் தகப்பன் பிள்ளை வளர்க்கும் கூத்தை வீரம்மா அடுப்பை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

அவளுக்கு அந்தக் குஞ்சுகள்மேல் ஏன் அத்தனை கண் என்பதைச் சொல்லவேண்டும். நான்கு வருடத்துக்கு முன்பு அவளுடைய எட்டு மாத ஆண்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டு வள்ளியம்மா முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் கோழியை அடை வைக்க ஆள் தேடும்போது வீரம்மாவைத் தாண்டிப் போய் மூன்றாவது வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள். தன் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது வீரம்மாவுக்கு இலை போட்டார்கள், வளையல் அடுக்கக் கூப்பிடவில்லை. அவளுக்குக் கைராசி இல்லையாம். இந்தக் கைராசியைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நான் நாலு வார்த்தை நன்றாகக் கேட்பேன். ஊர் சொன்னதைவிட மோசம் என்னவென்றால், வீரம்மாவும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். ஒரு ஈட்டுக் குஞ்சுகளையாவது இந்தக் கையால் வளர்த்து ஆளாக்கிவிட்டால், தன் கைமேல் பழியில்லை என்று தெரிந்துவிடும். இதை அவள் கன்னையாவிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் ஈடு ஒரு வாரம் தாண்டவில்லை. அரிசிமாவைத் தூவினாள், தண்ணீர் நாறியது, எல்லாம் செத்தன. அவள் குனிந்து ஒரு குஞ்சின் வாயைப் பார்த்தாள். ஊசிமுனைகூட நுழையாது. அந்த வாய்க்கு மாவுத்தூள் பாறாங்கல் மாதிரி. அப்படியானால் சதுப்பில் இவை என்னதான் தின்கின்றன?

குட்டைத் தண்ணீரில் காய்ந்த வாழையிலையைக் கிழித்துப் போட்டு ஊறவைத்தாள். முதலில் நாறிக் கலங்கியது. நாலைந்து நாள் கழித்துத் தெளிந்தபோது ஒரு கண்ணாடிக் கிளாசில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தூசி போல ஏதோ இருந்தது, தூசி ஆளுக்கொரு பக்கம் ஓடியது. உயிருள்ள தூசி. அடுத்த ஈட்டுக்கு அதையே வேளைக்கு இரண்டு கரண்டி விட்டாள். பொரிந்து, நுரையிலிருந்து இறங்கி நீந்த ஆரம்பித்ததும், தகப்பனையும் எடுத்து வேறு சட்டியில் போட்டாள். பசித்தால் அதற்குப் பிள்ளையும் தெரியாது பெண்டாட்டியும் தெரியாது. ஒரு நாளில் குஞ்சுகளின் வயிறு உருண்டது. வீரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் தாண்டியதும் தூசி போதவில்லை. இனிப் பொடிக் கொசுப்புழு வேண்டும். கன்னையாவுக்கு ஒரே சந்தோஷம். எண்ணெய் அடிப்பதற்கு முன்பு கால்வாயில் கொஞ்சம் புழுவைச் சிகரெட் டின்னில் மொண்டு வைத்துக்கொள்வான். சாயங்காலம் வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, தானே கிள்ளிக் கிள்ளிச் சட்டியில் விடுவான். குஞ்சுகள் பாய்ந்து பிடிப்பதை இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாலைந்து நாளில் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

மூன்றாவது ஈடும் அப்படியே. அதே மூன்றாவது வாரம். வள்ளியம்மா எட்டிப் பார்த்து, அந்த வயசில் ஒரு கண்டம் இருக்கும்போல என்றாள். சொல்லும்போது கண் சட்டியில் இல்லை, வீரம்மாவின் கையில் இருந்தது.

வீரம்மா அழுதாள். நன்றாக அழுது தீர்த்துவிட்டு யோசித்தாள். கால்வாய் அழுக்கில் வளர்ந்த புழுவில் ஏதோ விஷம் இருக்கிறதோ? அடுத்த ஈட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு மிட்டாய்ப் போத்தலில் விட்டாள். ஒன்றுக்கு வழக்கம்போல் கன்னையாவின் புழு. மற்றதற்கு அவளே குளிக்கும் மறைப்புக்குப் பின்னால் ஒரு பானையில் நல்ல தண்ணீர் வைத்து, கொசு வந்து முட்டையிடட்டும் என்று காத்திருந்தாள். எண்ணெய்க்காரன் வீட்டிலேயே கொசுப்பானை! இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் அபராதமும் உண்டு, கன்னையாவின் வேலைக்கும் உலை. கன்னையாவே பார்த்தாலும் கவிழ்த்துவிடுவான். அதனால் தினமும் காலையில் துணியில் வடிகட்டி, ஒரு புழுவும் கொசுவாகாமல் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் வந்தது. அவன் போத்தலில் இருந்தவை செத்தன. அவள் போத்தலில் இருந்தவை துள்ளின.

கால்வாய்ப் புழுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டுச் செத்த போத்தலைக் கொட்ட எடுத்தாள். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர்மேல் மெல்லிசாக ஏழு வண்ணமும் தெரிந்தது. மற்ற போத்தலில் அந்த வண்ணம் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு குஞ்சு மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு சொட்டுக் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. பெரிய மீன் அப்படிச் செய்வதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். குஞ்சு செய்து பார்த்ததில்லை. இந்த வயதில்தான் அது காற்றுக் குடிக்கப் பழகுகிறது. கன்னையா நூறு தடவை சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது; புழுவைக் கிள்ளிவிட்ட அவன் விரலும் நினைவுக்கு வந்தது.

ஒன்றும் சொல்லாமல், இனி நானே தீனி போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் அவள் கை நான்கு வருடமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற கை. அதற்கு நியாயம் கிடைக்கும்போது வாயை மூடிக்கொள்ள அவளால் முடியவில்லை. எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

கன்னையா வேலை விட்டு வந்து கை கழுவியதும், வெள்ளைப் பீங்கானில் தெளிந்த தண்ணீர் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, இதுல விரலை விடுங்க."

என்ன சோதனை இது என்று சிரித்துக்கொண்டே விட்டான். விரலைச் சுற்றி வண்ணம் பரவியது. அவனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஊரிலேயே இதை அவனைவிடத் தெரிந்தவன் கிடையாது. சிரிப்பு நின்றது.

"சோப்புப் போட்டுத்தானே கழுவுனேன்."

"நகக்கண்ணுல ஊறிக் கெடக்குதுங்க. அது போகாது."

எழுந்து நேரே வள்ளியம்மா வீட்டு வாசலுக்குப் போனான். அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மீனெல்லாம் செத்தது என் கையாலதான், எண்ணெய் பட்டு. அவ வளர்த்தது உசுரோட இருக்கு, வந்து பாருங்க. இனிமே வீரம்மா கையைப் பத்தி யாரும் பேச வேணாம்."

வீரம்மா கதவோரம் நின்று கேட்டாள். தான் யாரிடமும் சொல்லாத வலி அவனுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. வள்ளியம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். வீரம்மாவின் சந்தோஷத்துக்கு அளவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பாயசம் வைக்கவேண்டும் என்றுகூட நினைத்தாள்.

வெல்லம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியவள், அவன் தண்ணீர்த் தொட்டியடியில் குந்தியிருப்பதைக் கண்டாள். சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கழுவுவான், முகர்ந்து பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். புறங்கை சிவந்திருந்தது.

"நம்ம பயலையும் வேலை விட்டு வந்து இந்தக் கையாலதானே தூக்குனேன்" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவனுக்கு மலேரியாக் காய்ச்சல். ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பாத்துச் சொன்னாரு. யாரு கையும் காரணமில்ல."

நான்கு வருடமாக, பிள்ளை எதனால் போனான் என்று அவள் கேட்டபோதெல்லாம், கன்னையா அவளுக்குச் சொல்லிவந்த பதில் அது. ஒரு தடவைகூட அவள் அதை நம்பியதில்லை. இன்றைக்கு அவனுக்குச் சொல்லும்போதுதான் அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கை இரண்டையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சேலையில் எண்ணெய் பிடிக்கும் என்று அவன் எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.