கோமதி வீட்டில் கூடுதலாக விட்ட பூச்சி

1. ஒரு குழிக்கு ஒன்று

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். சுவருக்கு அடிக்க இல்லை, புழு எடுக்க. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் அப்போது ஒரு சின்ன லேப் இருந்தது. நன்மை செய்யும் பூச்சிகளை வளர்த்து விவசாயிகளுக்கு விற்பார்கள். நான் பக்கத்து ஊரான கரிவலத்துக்காரி. பூச்சியைக் கண்டால் செருப்பைத் தேடுகிற குடும்பத்தில் பிறந்து, பூச்சிக்குச் சோறு போடுகிற வேலைக்கு பஸ் ஏறிப் போனேன்.

அங்கே கம்பு மாவில் அந்துப்பூச்சி வளர்ப்போம். அந்துப்பூச்சியின் முட்டையைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களுக்குத் தீனியாகப் போடுவோம். வளர்ந்த கண்ணாடி இறக்கைப் பூச்சி பச்சையாக, மெல்லியதாக, பரம சாதுவாக இருக்கும். அதன் புழு அப்படி இல்லை. அரிசி நீளத்தில் ஒரு முதலைக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் அரிவாள் மாதிரி இரண்டு கொடுக்கு. செடியின் சாற்றைக் குடிக்கிற அசுவினியோ, சிலந்திப்பேனோ, எது கிடைத்தாலும் குத்தி உறிஞ்சிவிடும்.

சூப்பர்வைசர் மேடம் குழி குழியாக இருந்த ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். "தங்கம், ஒரு குழிக்கு ஒண்ணுதான். ரெண்டு போட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். பசி வந்துட்டா அதுக்கு அண்ணன் தம்பி கிடையாது."

இதே வாக்கியத்தைப் பின்னால் நானும் புதிதாக வந்த பெண்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கோமதி வீட்டு விஷயத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் இல்லை.

2. கூட ஒரு மூடி

லேப்புக்கு வருகிற விவசாயிகளோடு எனக்குத் தினமும் ஒரு சண்டை உண்டு. திருவேங்கடம் பக்கத்துக் கரிசலில் பருத்தி போடுகிறவர்கள். மருந்து டப்பாவில் டேங்குக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தால் இவர்கள் ஒன்றரை ஊற்றுவார்கள்.

"ஏன் அண்ணாச்சி, எழுதியிருக்கத வாசிக்க மாட்டியளா?" என்று கேட்பேன்.

"வாசிச்சோம்மா. கூட ஒரு மூடி கிடக்கட்டும்னு ஊத்துனோம். நம்ம ஊர்ப் பூச்சி கெட்டியான பூச்சில்லா!"

அவர்கள் போனதும் நாங்கள் பெண்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அதிலும் என் சிரிப்புச் சத்தம்தான் வெளி கேட் வரைக்கும் கேட்கும். அப்படி ஒரு மிதப்பு எனக்கு.

3. ஹாலில் ஒரு தோப்பு

லேப்பை மூடிய பிறகு கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். அதற்குள் சங்கரன்கோவிலிலும் வீட்டுக்குள் செடி வைக்கிற ஆசை வந்துவிட்டது. ஹாலில் அரேகா பாம், ஜன்னலில் மணி பிளான்ட், ஏசி ரூமில் ஒரு குரோட்டன்ஸ். செடி வந்தால் பின்னாலேயே பேனும் வந்துவிடும். அடைத்த வீடு, காய்ந்த காற்று, இலையில் தூசி, இந்த மூன்றும் சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய் அதைச் சரிசெய்வது என் தொழிலானது. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை ஒட்டிய அட்டைகளை வெளியூரிலிருந்து பார்சலில் வரவழைப்பேன். அதில் பொரிக்கிற புழுக்கள் செடியில் ஏறிப் பேனைத் தின்னும்.

அப்படிக் கூப்பிட்டவள்தான் கோமதி. அப்பா சங்கரபாண்டியன் பத்திர ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். வயல் உண்டு, தெருவில் மரியாதை உண்டு. கோமதி ஒரே பெண். படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அவள் ஹாலுக்குள் நுழைந்தால் தோப்புக்குள் வந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு செடியும் அவளே வெட்டியோ பிரித்தோ வேர் விட வைத்து வளர்த்தது.

நான் போன அன்று அந்தத் தோப்பு வெளிறிக் கிடந்தது. ஒரு இலைக்கு அடியில் வெள்ளைப் பேப்பரைப் பிடித்துத் தட்டினேன். பொடிப் பொடியாக விழுந்த புள்ளிகள் நகர ஆரம்பித்தன. காம்பு இடுக்கில் நூலாம்படை.

"யாராவது மருந்து அடிச்சாங்களா?"

"அப்பாதான் அத்தே. பருத்திக்கு வாங்கி வச்சிருந்த மருந்த அடிச்சாரு. அப்புறம்தான் ரொம்பக் கூடிட்டு."

கூடத்தான் செய்யும். அந்த மருந்துக்குச் சிலந்திப்பேன் சாகாது, அதைத் தின்கிற பூச்சிகள்தான் சாகும். கோமதியின் அம்மா தன் பங்குக்குக் கோவில் புற்றுமண்ணைக் கரைத்து இலை எல்லாவற்றிலும் தெளித்திருந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்குள் எந்த ஜந்து வந்தாலும் முதல் வைத்தியம் அதுதான்.

"அக்கா, மண்ண வேருல போடுங்க. இலையில காஞ்சு தூசியா நின்னா பேனுக்கு வசதியாப் போயிரும்" என்றேன். அவர் உடனே சரி என்றுவிட்டார்.

செடிகளைப் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவினோம். பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தோம். அந்த ஸ்ப்ரேயின் வீரியம் போக ஒரு வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் நாம் விடுகிற புழுவும் செத்துவிடும். இலையைத் துடைத்துக்கொண்டே கோமதி சொன்னாள்:

"என்னைக் கட்டிக் குடுத்தாலும் இதுல பாதியாவது கூடக் கொண்டுபோவேன் அத்தே. அம்மாட்ட நகைகூட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

4. கிடக்கட்டும்

அட்டை மாட்டப் போன அன்று வீடே பரபரப்பாக இருந்தது. மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை தென்காசிப் பக்கம், நல்ல வேலை, கோமதிக்கும் போட்டோவில் பிடித்துவிட்டது.

"தங்கம், அதுக்குள்ள செடியெல்லாம் பச்சையாயிருமா? வாரவிய நோயாளிச் செடியப் பாத்தா என்ன நெனப்பாவ?" என்று அம்மா கேட்டார்.

கழுவியதிலும் ஸ்ப்ரேயிலும் பேன் பெரும்பாலும் குறைந்திருந்தது. அந்த ஹாலுக்கு ஒரு அட்டையே போதும். பார்சலில் மூன்று இருந்தது. ஒன்றை அரேகாவில் மாட்டினேன். பிறகு கை தானாக இரண்டாவதை எடுத்தது.

கோமதி, "ஒண்ணு போதும்னு சொன்னீயளே அத்தே?" என்றாள்.

"உனக்கு மாப்பிள்ள வாராருல்லா, கிடக்கட்டும்" என்று சொல்லி மூன்றையும் மாட்டினேன். அவளும் சிரித்தாள். திருவேங்கடத்து அண்ணாச்சிகள் யாராவது அந்த ஹாலில் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

5. ஞாயிற்றுக்கிழமை

இலைகளைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று அன்று காலையிலேயே என்னை வரச் சொல்லியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பேன் இல்லை. செடிகள் புதுத்தளிர் விட்டிருந்தன. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அடுத்த இலையைத் திருப்புகிற வரைக்கும்தான். புழுக்கள் நன்றாகக் கொழுத்து, தீனி தீர்ந்துபோய், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு தண்டில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு குழிக்கு ஒன்று என்ற குரல் அப்போதுதான் என் காதில் கேட்டது. அவசர அவசரமாகப் பிரஷ்ஷால் தட்டி டப்பாவில் போட்டேன். பாதிகூட முடியவில்லை, வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மாவை நல்ல இடம் என்று அரேகாவுக்குக் கீழே உள்ள சோபாவில் உட்காரவைத்தார்கள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். கோமதி காபித் தட்டோடு வந்தாள். அந்த அம்மா டம்ளரை எடுக்கக் கையை நீட்டியவர், "ஆத்தீ!" என்று அலறிக் கையை உதறிக்கொண்டு எழுந்தார். காபி தட்டிலும் பட்டுச்சேலையிலும் கொட்டியது. முழங்கைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. பக்கத்தில் இருந்த அவர் தங்கச்சி சேலை மடிப்பிலிருந்து ஒரு புழுவைக் கிள்ளி எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"என்ன இது, மூட்டப்பூச்சியா? சோபாவுல மூட்டப்பூச்சியா வளக்காவ?"

சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் முகம் கறுத்துப்போனது. நான் அடுக்களை வாசலிலிருந்து முன்னால் போய், "மூட்டப்பூச்சி இல்லம்மா. செடிக்கு நான் விட்ட நல்ல பூச்சி. கடிச்சா ஒண்ணும் செய்யாது, தடிப்பு கொஞ்ச நேரத்துல அமுங்கிரும்" என்றேன். வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காசு குடுத்துப் பூச்சிய வாங்கி வீட்டுக்குள்ள விட்டுருக்கீயளா?"

யாரோ சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளைப் பையன் மட்டும் ஆர்வமாக, "என்ன பூச்சிங்க இது?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"ஏட்டி, எல்லாம் இந்தச் செடியால வந்தது" என்று அண்ணாச்சி கோமதியின் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே, "அண்ணாச்சி, பிள்ளை மேல தப்பில்ல, நான்தான் கூடுதலா விட்டுட்டேன்" என்றேன். அவர் காதில் அது விழவில்லை. சம்பந்தம் கைநழுவிப் போகிறதே என்ற பதற்றம் அவருக்கு. கைகூப்பிக்கொண்டு அந்த அம்மாவிடம் சொன்னார்: "தப்பா நெனைக்காதீய. கல்யாணத்துக்கப்புறம் எம்பொண்ணு ஒரு செடியையும் தொட மாட்டா. இது என் வாக்கு."

அந்த அம்மா, "அப்ப சரி. எனக்கு வீட்டுக்குள்ள இந்தக் குப்பையெல்லாம் ஆகாது" என்று சொல்லி உட்கார்ந்தார். கோமதி தட்டில் கொட்டிக் கிடந்த காபியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

6. பாதி அட்டை

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் அண்ணாச்சி கொடுத்த வாக்கு வாக்குதான். கோமதி போன வீட்டில் இன்றுவரை ஒரு துளசி மாடத்தைத் தவிர வேறு பச்சை கிடையாது. கோமதியின் செடிகள் எல்லாம் ஆட்டோவில் ஏறிக் கரிவலத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டன. நான் சங்கரன்கோவிலில் அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன். எதிரே அண்ணாச்சியைக் கண்டால் சந்தில் திரும்பிவிடுவேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது என்பார்களே, அது எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கோமதி என் வீட்டுக்கும் ஒரு நடை வருவாள். ஒரு நாளும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசியதில்லை. ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். போன தடவை ஒரு இலையைத் திருப்பி, போன் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, "அத்தே, திரும்பவும் பேன் வந்துருக்கு" என்றாள்.

உள்ளே போய் அட்டையை எடுத்துவந்தேன். இத்தனை நடந்த பிறகும் என் கையில் இரண்டு அட்டை இருந்தது. கோமதி ஒன்றை வாங்கி மேஜையில் வைத்தாள். இன்னொன்றைக் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைக் குரோட்டன்ஸில் மாட்டினாள்.

"இது போதும் அத்தே."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். விஷத்தில் மட்டும் இல்லை, நல்லதிலும் அளவு உண்டு. கிடக்கட்டும் என்று கை நீண்டால் அந்தக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், நம் கை நீண்டதற்கு வேறொரு வீட்டுப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும்.

கோமதி அட்டையை வெட்டிய அன்றுகூட எனக்கு அந்த அளவும் தெரியவில்லை, பேச்சின் அளவும் தெரியவில்லை. வெட்டின மறு பாதியை எடுத்து, "இதை நீ கொண்டுபோயேன் மக்கா" என்று நீட்டிவிட்டேன்.

கோமதி அதைப் பார்த்தாள். கோபமே இல்லாமல், நிஜமாகவே யோசித்துப் பார்த்துக் கேட்டாள்: "எங்க வீட்டுல இத எதுல அத்தே மாட்ட?"