ஐந்து மணியிலிருந்து எழுதியவர்

சபாபதி அண்ணன் காலமான செய்தியை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட் வீட்டில், காலைப் பலகாரம் முடித்து உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டாராம். கொஞ்சம் அழுது ஓய்ந்தபின், "கப்பல்ல விழுந்துதான் காது போச்சுன்னு அப்பா சொல்வாரு. அப்ப நீங்க கூட இருந்தீங்களா மாமா?" என்று கேட்டாள். பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போர்ட் பிளேரில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தே பேசியிருப்பீர்கள். அந்த இடது காது கப்பலில் போகவில்லை. நான் அடித்துப் போனது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி அந்தமானில் திக்லிபூர்ப் பக்கத்துக் கடற்கரையில் படம் எடுக்க வந்தது. நான் அதில் ஸ்டண்ட் சண்டைக்காரர்களில் ஒருவன். அண்ணன் கம்பெனியின் கணக்கர். சாமான் சுமக்கவும் படகு இழுக்கவும் அங்கேயே முப்பது பேரைக் கூலிக்கு எடுத்திருந்தார்கள். பாதிப் பேர் காடு வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள். எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கூலி, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு என்பது பேச்சு.

பட்ஜெட்டை மெட்ராஸில் உட்கார்ந்து போட்டவர் மேனேஜர். காலை எட்டுக்கு வேலை, மாலை ஐந்துக்கு முடிவு, நடுவில் ஒரு மணி சாப்பாடு. ஓவர்டைம் என்ற இடத்தில் ஒரு கோடு. ஆனால் அந்தமானில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். டைரக்டர் அந்த வெளிச்சத்தை விடவில்லை. ஐந்துக்கே வேலை தொடங்கியது. மேனேஜர் மட்டும் எட்டிலிருந்தே எண்ணினார். ஆளுக்கு மூன்று மணி நேரம் தினமும் காணாமல் போனது. அண்ணன் தன் நோட்டில் ஐந்து என்றே எழுதினார். மேனேஜர் திட்டும்போதெல்லாம், "வெளிச்சம் உங்களுக்கு அஞ்சு மணிக்கு வேணும், ஆளு மட்டும் எட்டு மணிக்கு வந்தானா சார்?" என்பார்.

பத்தொன்பதாம் நாள் அது நடந்தது. ஜெனரேட்டர் ஏற்றிய படகைப் பாறைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணி நாலைத் தாண்டியிருந்தது. கயிற்றின் முன்முனையில் மார்ட்டின் என்ற ராஞ்சிக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நின்றபடியே அவர் தலை தூக்கத்தில் தொங்குவதை நானே பார்த்தேன். அலை படகைத் தூக்கியது. அவர் கை கயிற்றை விட்டது. அடுத்த அலையில் படகு அவரைப் பாறையோடு வைத்து அழுத்தியது. நெஞ்சு நொறுங்கிய சத்தம் கரைவரை கேட்டது. படகை விலக்கியபோது வாயிலிருந்து ரத்தமும் மணலுமாக வந்தது. மார்ட்டினின் கூடப்பிறந்த அண்ணன் லுக்காஸ் மடியில் வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

லுக்காஸும் மற்றவர்களும் உடலைத் தூக்கிக்கொண்டு குடியிருப்புக்குப் போனார்கள். மேனேஜர் சபாபதி அண்ணனையும் என்னையும் தன் ஓலைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். போலீஸ் வருவதற்குள் நோட்டை மாற்றி எழுது என்று அண்ணனிடம் சொன்னார். மார்ட்டின் எட்டு மணிக்கு வந்தான், குடித்திருந்தான் என்று இருக்க வேண்டுமாம். அண்ணன் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அடுத்த படத்தில் எனக்குத் தனிச் சண்டை தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

அடிக்காமல் அடிப்பதுதான் எங்கள் தொழில். அன்றைக்குத்தான் நான் நிஜமாக அடித்தேன். வயிற்றில், முகத்தில். கீழே விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, உள்ளங்கையைக் குவித்துக் காதோடு அறைந்தேன். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அவர் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டிருந்தார். நோட்டு அங்கே இருந்தது.

அப்போது ஓலைத்தட்டியைப் பிய்த்துக்கொண்டு லுக்காஸ் உள்ளே வந்தார். கையில் தாவ் என்கிற காடு வெட்டும் அரிவாள். பின்னால் இருபது பேர். மேனேஜர் என் முதுகுக்குப் பின் ஒளிந்தார். வெட்டு அவரைக் குறிவைத்துத்தான் வந்தது. குறுக்கே நீண்ட என் இடது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் மணலில் கிடந்தன. அவை என்னுடையவை என்று புரிய எனக்கு நேரமாயிற்று. லுக்காஸ் மறுபடி ஓங்கினார்.

சபாபதி அண்ணன் தவழ்ந்து வந்து நடுவில் எழுந்து நின்றார். நோட்டை எடுத்து, அந்த ஊர் ஹிந்தியில், உடைந்த உதட்டால் பெயர் பெயராக வாசித்தார். "மார்ட்டின், பாஞ்ச் பஜே ஸே." ஐந்து மணியிலிருந்து. பத்தொன்பது நாளையும் சொன்னார். "இந்த மேனேஜரைக் கொன்னா இந்த நோட்டைப் பத்தி யாரும் பேசமாட்டாங்க லுக்காஸ், உன்னைத் தூக்குல போடுறதைப் பத்தித்தான் பேசுவாங்க" என்று அதே ஹிந்தியில் சொன்னார். லுக்காஸ் தாவை மணலில் குத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மேனேஜர் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகுதான் அண்ணன் தன் வேட்டியைக் கிழித்து என் கையைக் கட்டினார்.

விசாரணைக்காகப் போர்ட் பிளேரில் இறங்கிய அண்ணன் மெட்ராஸுக்குத் திரும்பிப் போகவில்லை. மார்ட்டினின் மனைவிக்கு நஷ்டஈடு வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். பிறகு அதுவே அவர் ஊராகிவிட்டது.

அண்ணன் நோட்டின்படி கம்பெனி கடைசியில் கொடுத்த ஓவர்டைம் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அந்த நாளுக்கு நேரே, மாலை ஐந்து முதல் ஆறு வரை, ஒரு மணி. அது நான் அவரை அடித்த நேரம். எதற்கு எழுதினீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"மேனேஜர் ஏவின வேலைதானேடா அது. வேலை நேரத்தை எப்படி விடுறது?" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

இப்போது சினிமா ஆபீஸ்களில் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தட்டினால் கம்ப்யூட்டரே ஓவர்டைமைச் சொல்லிவிடுகிறது. வந்த நேரத்தை யார் தட்டுகிறார்கள் என்று கேட்டுத் தொந்தரவு செய்கிற கிழவன் நான்.

அந்த ஒரு மணிக்கான கூலியை நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், செலவும் செய்தேன். அதன்பின் யார் ஏவியும் எவர் மீதும் நான் கை வைத்ததில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நாளை அவர் மகளைக் கூப்பிட்டு, கப்பல் எதுவும் இல்லை என்று சொல்லப் போகிறேன்.