பட்டுப் பாவாடைக்கு உள்ளே

நம்மிடம் துணி வாங்குகிற ஒருவர் எந்த நாளில் நமக்கு வேண்டியவராக மாறுகிறார்? மாறிய பிறகு அவரிடம் எப்படி நடந்துகொள்வது? கல்லூரியில் வணிகவியல் படித்தேன். வாடிக்கையாளரைத் தக்கவைப்பது பற்றி ஒரு பாடமே இருந்தது. தேர்வில் நன்றாகத்தான் எழுதினேன். இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை.

சூலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் குழந்தைகளுக்குப் பருத்தி உடைகள் தைத்து விற்கிறேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கடையில் வாங்கிய சட்டையின் லேபிள் உரசி அவள் கழுத்து சிவந்துபோனது. அன்று பிடித்த பயம்தான் பிறகு தொழிலானது. ஒவ்வொரு பார்சல் போன பிறகும், குண்டூசி ஏதாவது துணியில் தங்கிவிட்டதோ என்று மனம் அடித்துக்கொள்ளும். அதனால் வாங்கியவர்களுக்கெல்லாம், "பாப்பாவுக்கு ஒத்துக்கிச்சுங்களா?" என்று செய்தி அனுப்புவேன். பெரும்பாலும் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும்.

காந்திபுரத்தில் இருக்கும் ஒருத்தி மட்டும் குரல் பதிவு அனுப்பினாள். "ஏனுங்க்கா, சட்டையத் தெச்சீங்களா, மந்திரிச்சீங்களா? போட்டா தூங்கறா, கழட்டுனா கத்தறா!"

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் மகளுக்கும் என் மகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது, சோறு துப்பியது என்று பேசிக்கொண்டே இருப்போம். நடுவில் எப்போதாவது, "ஆமா, ரெண்டு கவுனு வேணுமுங்க்கா" என்பாள். அவள் சொல்லித்தான் எனக்கு எத்தனையோ தாய்மார்கள் வாடிக்கையானார்கள்.

மகளுக்குக் காதுகுத்து என்று ஒரு நாள் அவளே பஸ் ஏறி வந்தாள். தாம்பூலத் தட்டு நீட்டி, என் மாமியாரையும் தனியாக அழைத்துவிட்டுப் போனாள். எங்கள் பக்கம் பத்திரிகை அனுப்புவது தகவல். நேரில் வந்து சொல்வதுதான் அழைப்பு.

"ஊடு தேடி வந்து கூப்புட்டுட்டாங்க கண்ணு," என்றார் மாமியார். "இனி அவங்க உன்ற கஸ்டமரில்ல, ஒறம்பரை."

உறவாகிவிட்டவளுக்கு என்ன கொண்டுபோவது? வெளியில் வாங்கினால் மனசில்லாமல் கொடுத்த மாதிரி இருக்கும். நானே தைத்தால் விளம்பரம் மாதிரி தெரியுமோ? யோசித்து யோசித்து, மஞ்சள் பருத்தியில் ஒரு கவுன் தைத்தேன். முன்னால் ஒரு குட்டிப் பை வைத்தேன். என் கடை லேபிளை மட்டும் வைக்கவில்லை.

மண்டபத்தில் நுழைந்ததும் அதைக் குழந்தை கையிலேயே கொடுத்தேன். அங்கேதான் தவறினேன். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் கொண்டுவரும் சீர்த்துணியை உடுத்தி, அவர் மடியில்தான் உட்கார வேண்டும். இது எனக்கும் தெரியும். என் கவுனைப் பிறகு போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன். குழந்தைக்கு ஏது பிறகு? பிரித்தாள், போட்டுக்கொண்டாள், பைக்குள் கைவிட்டபடி மண்டபமெங்கும் ஓடினாள்.

மேளத்தோடு மாமன் சீர் வந்தது. தட்டு நிறைய பழம், அதன்மேல் அரக்குப் பட்டுப் பாவாடை சட்டை. மாற்ற முயன்றபோது குழந்தை அலறிய அலறலில் மேளம் நின்றது. சரிகை அவள் அக்குளைக் குத்தியது. "கவுனு! கவுனு!" என்று தரையில் விழுந்து புரண்டாள்.

"பரவால்லியே," என்றார் மாமனின் மனைவி, எல்லார் காதிலும் விழும்படி. "கடைக்காரம்மா துணி மாமன் சீரை முந்தீருச்சாட்ட இருக்குது."

என் தோழி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பிறந்த வீட்டார் முன்னால், அவளுடைய நல்ல நாளில், என்னால் வந்த தலைக்குனிவு. அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்றிருந்தது. ஆனால் என் மகளுக்காக எப்போதும் தூக்கித் திரியும் பையில் ஊசி நூலும் கத்தரியும் இருந்தன. குழந்தையிடம் கவுனைக் கெஞ்சி வாங்கி, அதன் மேல்பாகத்தை வெட்டிப் பட்டுச் சட்டைக்குள் வைத்துத் தைத்தேன். குட்டிப் பையை எடுத்துப் பாவாடை இடுப்பில் தைத்தேன். முகூர்த்தம் தாண்டிவிடுமோ என்று அவசர அவசரமாக முடிச்சுப் போட்டேன்.

மாமன் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உடுத்திவிட்டதும் குழந்தை அழாமல் பைக்குள் கைவிட்டாள். மாமன் அதில் ஒரு மிட்டாயைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கினார். "உள்ள பருத்தி, வெளிய பட்டு. ஆனாலும் மாமன் சீரு, என்ற சீருதானுங்க!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தோழி சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது. புறப்படும்போது, "சாப்ட்டுட்டுத்தானே போறீங்க்கா?" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அவளிடமிருந்து குரல் பதிவே இல்லை. குற்றவுணர்வில் நானும் அனுப்பவில்லை. போன வாரம்தான் வந்தது. "அக்கா, எனக்கு ரெண்டாவது நின்னிருக்குது. தலைச்சுத்தல்ல போனையே தொடலீங்க. கொழந்தைத் துணி நீங்கதான் தெச்சுத் தரோணும். ஆனா பில் போட்டுத்தான் தரோணும், சும்மா குடுத்தா வாங்கமாட்டேன், ஆமா!" கடைசியில் ஒரு சிரிப்பு.

"உன்ற தொழில் நல்லாருக்கோணும்னு நெனைக்கறாங்க, வேறென்ன?" என்கிறார் கணவர். "ஒறம்பரைக்கு எவளாச்சும் பில்லுப் போடுவாளா?" என்கிறார் மாமியார். நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அன்று உறவாக உள்ளே வந்து சங்கடம் பண்ணியதால், இனிக் கடைக்காரியாகவே இருக்கச் சொல்கிறாளா? இல்லை, இத்தனை வருடம் போலவே கடைசிவரை என்னிடம் காசு கொடுத்தே வாங்குவேன் என்றுதான் சொல்கிறாளா?

மெல்லிய துணியாகப் பார்த்து வெட்டி வைத்துவிட்டேன். கடை வைத்திருப்பவர்களும், நெடுநாளாக ஒரே கடையில் வாங்குபவர்களும் இதைப் படித்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அவள் மனம் நோகாமல் இருக்க, இந்தத் துணியோடு நான் பில் வைக்கலாமா, வேண்டாமா?