ஜிப்சம் போட்ட வயலும் மூடிக்கிடந்த வடிகாலும்

கடல் ஏறிவந்து திரும்பிய வருஷம், வேதாரண்யம் பக்கம் என் தங்கை புருஷன் குத்தகைக்கு உழுத மூணு மா நிலத்தில் உப்பு பூத்துவிட்டது. நிலத்துக்காரரான மிராசுதார் ஆள் அனுப்பினார்: இந்தப் போகம் பயிர் ஏறாவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்திருந்த நேரம்; பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. அவருக்குக் கடல் செய்தது பெரிய உபகாரம்.

அந்த மனுஷர் தலைமையில்தான் உப்பு நிலத்தைத் திருத்துவது பற்றிப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஆட்சி மாறிய மறுவாரமே வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டவர். சமத்துவம் என்று சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். விவசாய ஆபீசர் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டார். சோடியம் முதல் தொகுதி. வெளிவட்டத்தில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானை விட்டுவிடும். குளோரின் ஏழாம் தொகுதி. ஒன்று குறைவு, அதை எடுத்துக்கொள்ளும். விட்டது பிளஸ், எடுத்தது மைனஸ், இரண்டும் ஒட்டிக்கொண்டால் உப்பு. இரண்டாம் தொகுதிக் கால்சியம் இரண்டை விடும். அதனால் அதன் பிடி பலம்.

மிராசுதார் எழுந்தார். "பாருங்க, இயற்கையே விட்டுக்கொடுத்து வாழுது. நாமளும் விட்டுக்கொடுக்கணும்."

கைதட்டினார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ரசாயனப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவன். சோடியம் தருமம் பண்ணுவதாக அதில் ஒரு வரி இல்லை. பிடி தளர்ந்தவனிடம் இழுக்க முடிந்தவன் இழுக்கிறான், அவ்வளவுதான்.

"களிமண்ணுக்கு மைனஸ் சார்ஜ். அதுல சோடியம் ஒட்டியிருக்கு," என்று முடித்தார் ஆபீசர். "ஜிப்சம் போட்டுத் தண்ணி கட்டினா, கால்சியம் வந்து உட்காந்துக்கும். சோடியம் கிளம்பிடும்."

மச்சான் எழுந்தார். "கிளம்பி எங்கங்க போகும்?"

"சல்பேட்டோட சேந்து தண்ணியில வடிஞ்சிடும்."

"தண்ணி எங்கங்க வடியும்?"

"ஐயா வயல்ல கேளு," என்றது பின்வரிசை. சிரிப்பு. பொது வடிகாலை மிராசுதார் எப்போதோ தன் வயலோடு சேர்த்து உழுதுவிட்டிருந்தார். ஆபீசர் அவசரமாகப் பலகையைத் துடைத்தார். விட்டுக்கொடுக்கச் சொன்ன வாய் வெற்றிலைக்குத் திரும்பியது.

ஜிப்சம் போட்டோம். தண்ணீர் நின்றது, காய்ந்தது, பழையபடி வெள்ளை. "மண்ணு செத்துப்போச்சு, எழுதிக் குடுத்துடு," என்று மறுபடி ஆள் வந்தது. காரணத்தை விளக்க நான் புத்தகத்தைப் பிரித்தேன்.

"உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும்ங்கிறாங்க," என்றாள் தங்கை. "குடிச்சதை வெளிய விடவும் வேணாமாண்ணே? புஸ்தகத்தை மூடி வை."

நடவுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. மறுநாள் மிராசுதார் வயலில் ஒருத்தியும் இறங்கவில்லை. "வடிகாலைத் திறங்க, நடுறோம்." வெளியூரிலிருந்து வந்த ஆட்களும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பினார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, அதற்கு மேடைப்பேச்சு புரியவில்லை. ஐந்தாம் நாள் மிராசுதார் தன் ஆளை விட்டே வரப்பை வெட்டி வடிகாலைத் தோண்டினார்.

மூன்று முறை தண்ணீர் கட்டி வடித்து, பிறகு நட்டோம். விளைச்சல் அரைகுறைதான். ஆனாலும் கர்ணம் வந்து கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் 'நெல்' என்று எழுதி, சாகுபடி செய்தவராக மச்சான் பெயரையும் எழுதினார்.

அந்தத் தை மாதமே பொதுக்கூட்டம். ஏழைகளுக்கு வடிகால் திறந்த வள்ளல் என்று மிராசுதாருக்கு மாலை. மச்சானும் பலமாகக் கைதட்டினார். வெட்கமாயில்லையா என்று கேட்டேன்.

"தட்டுங்க மச்சான்," என்றார். "வள்ளல்னு பேர் வாங்கிட்டாரு. இனி எப்படி மூடுவாரு?"