ஒரு வருஷமும் ஒரு நாளும்

நேற்று ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு ஏறிய ஒருவர் கரை சேரும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. முகத்துக் கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லெட்சுமி கூட வந்திருந்தால், "பேரைக் கேட்டுடாதீங்க, சண்டைக்கு வந்துடுவாரு" என்றிருப்பாள்.

லெட்சுமி இன்று என் மனைவி. கல்யாணத்துக்கு முன் பட்டர்வொர்த் பக்கத்துப் பாகான் டாலாமிலிருந்து ஜார்ஜ் டவுன் துணிக்கடைக்கு வேலைக்குப் போன பெண். நான் அதே ஃபெரியில் போன, இரும்புக்கடையில் கணக்கெழுதும் கிராணி. கீழே கார்கள், மேலே நாங்கள். எஞ்சின் எண்ணெயும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாசம் பழைய ஃபெரிகளோடு போய்விட்டது. லைப்ரரியில் எடுத்த தடிப் புத்தகத்தைப் படித்துவிட்டு அவள் தோழிகளுக்குத் தமிழில் கதை சொல்வாள். பழைய ஐரோப்பாவின் குதிரை வீரர்கள் கதை. நான் பேப்பர் படிக்கிற மாதிரி ஒட்டுக்கேட்பேன்.

அந்த வீரர்களை என்னவென்று சொல்ல! பாலத்துக்குப் பாலம் ஒருவன் வழிமறிப்பான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. தலைக்கவசத்தை மூடிக்கொண்டு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வார்கள். பேரைச் சொன்னால் தீர்ந்தது, சொல்ல மாட்டார்கள். ஆனால் தோற்றவன் சரண் என்றால் கொல்லக் கூடாது. நேசித்த பெண்ணின் பேரை வெளியே விடக் கூடாது. வரம் கேட்டால் என்னவென்று கேட்காமலே சரி சொல்லிவிட வேண்டும், பிறகு தலையே போனாலும் பின்வாங்கக் கூடாது. கிறுக்குத்தனம்தான். ஆனாலும் அந்தக் கிறுக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்றும் பிடிக்கிறது. சொன்ன சொல்லுக்கு அப்படி நிற்கிறவனை நான் கடையில் பார்த்ததில்லை.

பிறகு இரண்டு வீட்டிலும் பேசி எங்களுக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். மறுநாள் ஃபெரியில் அவளே என்னிடம் வந்தாள்.

"ஒண்ணு கேட்பேன். என்னன்னு கேட்காம சரின்னு சொல்லணும்."

"சரி" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"கல்யாணத்தை ஒரு வருஷமும் ஒரு நாளும் தள்ளிப் போடுங்க. பரீட்சை எழுதணும். பாஸானா டீச்சராகலாம். நான் கேட்டேன்னு தெரிஞ்சா அப்பா வீட்டைவிட்டே வெளிய விடமாட்டாரு. நீங்க சொன்னதா இருக்கட்டும்."

அந்தக் கதைகளில் எல்லாக் கெடுவும் இதே கணக்குதான். மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா துடைப்பத்தைத் தேடினார். "உனக்கு என்னடா கோளாறு? வேற எவளாச்சும் இருக்காளா?" ஒரு வருஷமும் ஒரு நாளும் போகட்டும் என்று அதையே திரும்பச் சொன்னேன். லெட்சுமியின் அப்பா என்னைப் பசாரில் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். அவளை வேறு இடத்தில் கொடுக்கப் பேசுகிறார்கள் என்றும் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் திரும்பும், அவள் படிப்பு போகும். சொல்லவில்லை.

அவளும் வேறு யாருக்கும் தலையாட்டவில்லை. பரீட்சையில் பாஸானாள். கெடு முடிந்த அன்று தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து, "அத்தை, நான்தான் தள்ளிப்போடச் சொன்னேன். அவர் மேல தப்பில்ல" என்றாள்.

அம்மா அவள் கன்னத்தைத் தடவினார். கல்யாணமும் நடந்தது. ஆனால் அவள் சொன்னதை மட்டும் அவர் நம்பவில்லை. "என் மகன் மானத்தைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்குச்சு, தங்கமான பிள்ளை" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். லெட்சுமி மறுக்க மறுக்க அவள் தங்கம் கூடிக்கொண்டே போனது.

அம்மா போய்ச் சில வருஷமாகிறது. கல்யாணத்துக்குப் பயந்தவன் என்றே என்னை நினைத்துக்கொண்டு போனார். லெட்சுமியைத் தங்கம் என்றது சரிதான். என்னையும் ஒரு தடவை அவர் வாயால் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது. சொல்வதற்கு இனி ஆள் இல்லை.